ஏழு மீட்டர் வீட்டில் 16 நாள்

டிசம்பர் மாதத்தில் நியூசிலாந்தில் நள்ளிரவு 12 மணி என்றால் சிங்கப்பூரில் மாலை 7 மணி. அம்மாவுக்கு அது தொலைக்காட்சி பார்க்கிற நேரம், தூக்கம் எங்கே வரும்? படுக்கையும் அடுப்பும் உள்ள வாடகைக் கேம்பர்வேனில் நாங்கள் ஐந்து பேரும் நியூசிலாந்தைச் சுற்றிய 16 நாளில், முதல் இரண்டு இரவும் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியவே இல்லை.

கேம்பர்வேனில் சாப்பாட்டு மேசையை இறக்கி அதன்மேல் மெத்தையைப் பரப்பினால் அதுதான் அம்மாவின் கட்டில். பின்பக்கம் நானும் கணவரும். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண் மாதிரி இருக்கும் படுக்கையில் மகளும் மகனும். ஒருவர் புரண்டு படுத்தால் வண்டியே லேசாக ஆடும். அம்மாவின் கண்ணாடி கைப்பையில், கைப்பை மேல் அலமாரியில், அந்த அலமாரிக் கதவோ திறக்கும்போது 'டக்'கென்று சத்தம் போடும். மூன்றாம் நாள் காலையில்தான் சொன்னார்: "தூக்கம் வரலடி. எழுந்தா எல்லாரும் முழிச்சுக்குவீங்க, அப்படியே கிடந்தேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டுக் காலணிகளைச் செருகி வைப்பார்களே, பை பையாகத் தைத்த துணித் தொங்கல், அதில் ஒன்றை ஈரக் காலணிகளுக்கென்று ஊரிலிருந்து கொண்டுபோயிருந்தேன். அதைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டினேன். அம்மாவின் தலைமாட்டில் இருந்த அலமாரியின் பக்கப் பலகையில் ஒட்டும் கொக்கி மூன்றைப் பதித்து, படுத்தபடியே கை எட்டும் உயரத்தில் மாட்டினேன். மேல் வரிசையில் கண்ணாடி, டார்ச், மாத்திரை டப்பா. நடு வரிசையில் தண்ணீர்ப் போத்தல், திருநீற்றுப் பொட்டலம், பாட்டுக் கேட்கும் காதொலிக்கருவி. கீழே காலுறையும் கம்பளித் தொப்பியும். பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை அம்மாவை எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

அன்று இரவு டெகாபோ ஏரிக்கரையில் தங்கினோம். அந்த வட்டாரம் 2012இலிருந்து ஆவொராகி மெக்கன்சி இருள்வானக் காப்பகம். ஊர் விளக்குகளைக்கூட வெளிச்சம் மேலே சிதறாதபடி மூடியிட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தேன், அம்மாவின் கட்டில் காலி. பதறிப்போய்க் கதவைத் திறந்தால், படிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வானம் முழுக்க நட்சத்திரம். சின்ன வயதில் ஊரில் பார்த்தது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான் என்றார். கதவைத் திறந்தது, படியில் இறங்கியது எதுவும் எங்கள் காதில் விழவில்லை.

வண்டியில் இடம் போதவில்லை என்று எல்லோரும் சொல்வோம். இரண்டு பயணத்துக்கு அப்புறம் எனக்குத் தோன்றுவது வேறு. ஒரு பொருளை எடுக்க இன்னொரு பொருளையோ இன்னொரு ஆளையோ நகர்த்த வேண்டியிருந்தால், அந்தப் பொருள் தப்பான இடத்தில் இருக்கிறது. 2023 டிசம்பர் பயணத்தில் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் ஒவ்வொன்றுக்கும் இடம் பார்த்தேன்.

2018இல் முதல் தடவை போனபோது இந்தக் கணக்கு தெரியாது. அப்போது நான்கு பேர், ஒன்பது நாள், நான்கு பெரிய கெட்டிப் பெட்டிகள். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு 90 சதுர மீட்டர். வண்டியோ ஏழு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் சொச்சம் அகலம், படுக்கை அடுப்பு குளியலறை எல்லாம் சேர்த்தே 15 சதுர மீட்டர்தான். பெட்டியை வைக்க இடமே இல்லை. பகலில் கட்டிலின்மேல், இரவில் ஓட்டுநர் இருக்கையில், குளிக்கும்போது நடைவழியில் என்று ஒன்பது நாளும் பெட்டி தூக்கினோம். காலிப் பெட்டிகளைத் தங்கள் இடத்திலேயே விட்டுச் செல்ல வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் சம்மதிக்கும். அது தெரியாததால் நாங்கள் கேட்கவே இல்லை. இரண்டாம் தடவை ஆளுக்கு ஒரு துணிப்பை, அதுவும் உள்ளே சட்டம் இல்லாத, சுருட்டிவிடக்கூடிய பை. துணியை எடுத்து அலமாரியில் வைத்ததும் ஐந்து பையையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டோம்.

கேம்பர்வேனில் என்ன பொருள் வாங்கி வைக்கலாம் என்று தேடினால், சொந்த வண்டியில் வருடக்கணக்கில் வாழும் அமெரிக்க, ஆஸ்திரேலியக் குடும்பங்கள் சொல்லும் யோசனைதான் நிறையக் கிடைக்கும். சுவரில் துளை போடு, அலமாரி அடி, கூரையில் பெட்டி பொருத்து என்பார்கள். நமக்கு அது ஆகாது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கியாக வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் விற்கிற விலைக்கு, இங்கே ஒரு குடும்பம் விடுமுறைக்கென்று தனி வண்டி வாங்கி நிறுத்துவது நடக்கிற காரியம் இல்லை. வாடகைக்குத்தான் எடுக்கிறோம், ஆணி அடிக்க முடியாது. கொண்டுபோவது அத்தனையும் விமானத்தில் எடை போட்டுத்தான் ஏறும். ஆகவே சிங்கப்பூர்க்காரர்களுக்கு வேண்டியது லேசாக, மடங்கக்கூடியதாக, தடம் விடாமல் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். டைசோவிலும் முஸ்தஃபாவிலும் ஒரு சனிக்கிழமை செலவழித்தால் எல்லாம் கிடைத்துவிடும். மொத்தச் செலவு எனக்கு 90 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டவில்லை.

அவற்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்று யாராவது சொன்னால், நான் வழுக்காத ரப்பர் வலைவிரிப்பு ஒரு சுருளைத்தான் எடுப்பேன். மேசை இழுப்பறைக்குள் விரிப்பார்களே, ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அதுதான். வண்டி ஓடும்போது அலமாரிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் நகரும். சத்தம் போடும், சாயும், கதவை முட்டும். வலைவிரிப்பை அளவாக வெட்டி எல்லா அலமாரித் தட்டிலும் போட்டேன். எவர்சில்வர் தட்டுகளுக்கு நடுவே ஒவ்வொரு துண்டு. காய் நறுக்கும் பலகைக்கு அடியில் ஒன்று. அம்மாவின் மருந்துகளை வைத்த தட்டில் ஒன்று. முதல் பயணத்தில் பாத்திரங்கள் கடகடத்த சத்தத்தில் நாங்கள் ஒருவரோடொருவர் கத்தித்தான் பேசினோம். இரண்டாம் தடவை சின்னவன் முன் இருக்கைக்குப் பின்னால் நிம்மதியாகத் தூங்கினான்.

ஒட்டும் கொக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒட்டுவதற்கு முன் பலகையைச் சாராயத் துடைப்பானால் துடைத்துக் காயவிட வேண்டும், ஒட்டிய பிறகு ஒரு மணி நேரமாவது எதையும் மாட்டக் கூடாது. அவசரப்பட்டு மாட்டியவை ஒரே இரவில் விழுந்துவிட்டன. கழற்றும்போது பட்டையைச் சுவரோடு ஒட்டிக் கீழே மெதுவாக இழுத்தால் தடமே தெரியாது. காந்தக் கொக்கி ஆறு வாங்கிப் போயிருந்தேன், அது வீண். இந்த வண்டிகளின் உள்சுவர் மெல்லிய மரப்பலகை, வெளிச்சுவர் கண்ணாடியிழை, காந்தம் எங்கே பிடிக்கும்? அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கியில் மட்டும் இரண்டு நின்றன, கரண்டி மாட்ட உதவியது.

அடுப்படிக்கு வருகிறேன். 2018இல் அஞ்சறைப்பெட்டியை அப்படியே கொண்டுபோயிருந்தேன், மாமியார் கொடுத்தது. அதை மேல் அலமாரியில் வைத்தோம். லிண்டிஸ் கணவாயில் ஒரு வளைவில் அலமாரியின் தாழ் விட்டுவிட்டது. பெட்டி விழுந்து, வெளிமூடி கழன்று, மஞ்சள் தூள் முழுவதும் சாம்பல் நிற இருக்கையில். ஈரத்துணியால் துடைத்தேன், அதுதான் தப்பு. மஞ்சள் தண்ணீர் பட்டதும் துணியில் ஊறிப் பிடித்துக்கொண்டது. ஈரமே படாமல் முதலில் தூசியாகத் தட்டியிருக்க வேண்டும். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யும் செலவை முன்பணத்தில் கழித்துக்கொண்டார்கள். நியாயம்தான்.

அஞ்சறைப்பெட்டி ஆடாத அடுப்படிக்கென்று செய்தது. கிண்ணங்களுக்குத் தனித்தனி மூடி கிடையாது. இப்போது நான் எடுத்துப் போவது திருகுமூடி போட்ட சின்னப் போத்தல்கள் ஏழு, கட்டைவிரல் உயரம். ஏழும் ஒரு சின்னக் கூடையில் நெருக்கமாக நிற்கும், கூடைக்கு அடியில் வலைவிரிப்பு. மூடியின் மேலேயே பெயர் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் கீழ் இழுப்பறையில் வைத்தால் மேலிருந்துதான் பார்ப்போம், பக்கவாட்டில் எழுதினால் தெரியாது. தூள்களைக் கடையில் மூடி ஒட்டிய பொட்டலமாகவே விமானத்தில் கொண்டுபோய், வண்டிக்குப் போன பிறகுதான் போத்தலில் கொட்டினேன். நியூசிலாந்தில் உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் பயணி வருகை அறிவிப்பில் சொல்லியாக வேண்டும். ஒரு ஆப்பிளை மறந்து பையில் விட்டாலும் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேனைத் தொடவே வேண்டாம், பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். நான் எல்லாவற்றையும் ஒரே வெளிப்படையான பையில் மேலாக வைத்திருந்தேன். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். மலையேற்றக் காலணி இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அடிப்பக்கத்தில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஊரிலேயே பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். அரிசி, பருப்பு, கடுகு எல்லாம் கிரைஸ்ட்சர்ச்சில் இருக்கிற இந்தியக் கடையில் வாங்கிக்கொண்டோம்.

ஐந்து கிலோ அரிசிப் பையை அப்படியே வைக்காமல் ஒவ்வொரு கிலோவாகப் பிரித்து அழுத்திப் பூட்டும் பைகளில் போட்டேன். தட்டையாகப் படியும், தரைமட்ட அலமாரியில் சந்து சந்தாகச் செருகலாம். கனமானது கீழே, லேசானது மேலே என்பதில் கணவர் மிகக் கண்டிப்பு. மேலே கனம் ஏறினால் வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும், தாழ் விட்டால் தலையில் விழும். மேல் அலமாரிகளில் உடுப்பும் ரொட்டியும் காகிதத் துண்டும்தான்.

தாளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டிக்குள் கடுகு வெடிக்கவிட்டால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும், மிளகாய் நெடி மெத்தையிலும் போர்வையிலும் ஏறிக்கொண்டு மூன்று நாள் போகாது. அதனால் விடுமுறைப் பூங்கா என்று சொல்கிற கட்டண முகாம்களில் தங்கும் நாளில்தான் முழுச் சமையல். அங்கே எல்லோருக்கும் பொதுவான அடுப்படி இருக்கும். இதற்காகவே மடக்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்று வைத்திருந்தேன். போத்தல்கள், எண்ணெய், கத்தி, கரண்டி, குக்கர், பாத்திரம் துடைக்கும் துணி எல்லாம் எப்போதும் அதில்தான். ஒரே தூக்கில் பொது அடுப்படிக்குப் போய், சமைத்து, கழுவி, அப்படியே தூக்கி வந்து கீழ் அலமாரியில் தள்ளிவிடலாம். ஒரு பாத்திரத்தில் எண்ணெயில் தாளித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால், அடுத்த இரண்டு நாள் வண்டிக்குள் பருப்பை வேகவைத்து அதில் ஒரு கரண்டி சேர்த்தால் போதும்.

தண்ணீரும் கழிப்பறையும் நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் கேட்கிற விஷயம். கழிவு போய்ச் சேரும் பெட்டி பதினெட்டு, இருபது லிட்டர்தான் கொள்ளும். ஐந்து பேரும் வீட்டில் போலச் செம்பில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் ஒரே நாளில் நிரம்பிவிடும். அழுத்தினால் பீய்ச்சும் மெல்லிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை ஆளுக்கொன்றாக வைத்தேன். ஒரு தடவைக்கு அரைக் குவளை தண்ணீர்கூட ஆகாது, சுத்தமும் குறையாது. பெட்டியைத் தினமும் காலையில் காலி செய்தோம், நிரம்பட்டும் என்று காத்திருக்கவில்லை. கழிவு கொட்டும் நிலையத்தில் இரண்டு குழாய் இருக்கும்: ஒன்று பெட்டியை அலசுவதற்கு, மற்றது குடிநீர். அலசும் குழாயில் குடிநீர்த் தொட்டியை ஒருபோதும் நிரப்பக் கூடாது. கையுறையும் கிருமிநாசினியும் வெளிப்பக்கப் பெட்டியில் ஒரு மூடிய வாளியில் இருக்கும். அந்த வாளி வண்டிக்குள் வரவே கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருந்தேன். பாத்திரம் கழுவ ஒரு தெளிப்புப் போத்தல். எண்ணெயைக் காகிதத் துண்டால் துடைத்துவிட்டு, தெளித்துத் தேய்த்தால் கால்வாசித் தண்ணீர்தான் செலவு.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் இங்கேபோல 230 வோல்ட்தான், செருகி வடிவம் மட்டும் வேறு. ஐந்து மாற்றி வாங்காதீர்கள். ஒரு மாற்றியும், நம் வீட்டில் இருக்கும் நான்கு துளை நீட்டிப்புக் கம்பியும் போதும். ஆனால் அந்த ஊர்ச் சுவர்த்துளை பொதுவாக 10 ஆம்பியருக்குத்தான், ஒரே கம்பியில் கெட்டிலும் சூடேற்றியும் சேர்த்துப் போடக் கூடாது. முகாமின் மின்கம்பியோடு வண்டியை இணைக்காத நாளில் சுவர்த்துளையில் மின்சாரமே வராது, 12 வோல்ட் துளைதான் வேலை செய்யும். அதற்கு நான்கு வாய் உள்ள கார் மின்னேற்றி ஒன்று வேண்டும்.

துணி காயவைப்பதுதான் நான் எதிர்பார்க்காத தலைவலி. ஹாஸ்டைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போனதும் மழை பிடித்துக்கொண்டது. இங்கே அடுப்படிச் சன்னலுக்கு வெளியே கம்பு நீட்டிப் பழகிய கை, அங்கே என்ன செய்யும்? நீளத்தை முறுக்கிக் கூட்டும் அழுத்தக் கம்பியைக் குளியலறைக்குள் குறுக்கே பொருத்தினோம். துளை வேண்டாம், பசை வேண்டாம். ஈரத்துணி அதில் சொட்டும், தண்ணீர் குளியலறை வழியாகவே போய்விடும். மேலே இருக்கும் காற்றுத்துளையைத் திறந்து வைத்தால் காலைக்குள் பாதி காய்ந்துவிடும். துண்டைப் பொறுத்தவரை அம்மா சொன்னதுதான் சரி. நாங்கள் பஞ்சு மாதிரி கனத்த துண்டுகளை எடுத்து வைக்க, அவர் தேக்காவில் வாங்கிய ஈரிழைத் துண்டு ஆறு மடித்து வைத்தார். பஞ்சுத் துண்டு மூன்று நாள் ஆகியும் காயாமல் நாற்றம் எடுத்தது. ஈரிழைத் துண்டு ஓட்டுநர் இருக்கையின் முதுகில் போட்டால் அடுத்த ஊர் வருவதற்குள் காய்ந்தது. கணவரின் பழைய கைலிகள் இரண்டும் உழைத்த உழைப்புக்கு அளவில்லை: அம்மாவின் கட்டிலுக்கு மறைப்பு, பகலில் வெயில் மறைப்பு, சாப்பிட உட்கார விரிப்பு, உடுப்பு மாற்ற மறைவு.

ஐந்து பேரின் மூச்சில் சன்னல் கண்ணாடியெல்லாம் விடியும்போது வியர்த்து வழியும். உட்லண்ட்ஸில் அலமாரிக்குள் வைக்கிற ஈரம் உறிஞ்சும் டப்பா சாயும்போது கொட்டிவிடும் என்பதால், தொங்கவிடும் வகையை வாங்கிப் போயிருந்தேன். படுக்கைகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். அதைவிடக் கூரைத்துளையை இரண்டு விரல் அளவு திறந்து வைத்ததும், கண்ணாடி துடைக்கும் ரப்பர்க் கத்தி ஒன்றும்தான் அதிகம் உதவின. காலையில் கண்ணாடியை வழித்தெடுப்பது மகனின் வேலை.

கிளம்பும்போது சொல்லிப் பார்க்க மகள் ஓர் அட்டை எழுதி ஓட்டுநர் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். எரிவாயு உருளை மூடியாச்சா, மின்கம்பி கழற்றியாச்சா, கூரைத்துளை, படி, குளிர்சாதனப் பெட்டியின் தாழ், மேல் அலமாரித் தாழ்கள், அடுப்பின்மேல் எதுவும் இல்லையே, பாட்டி பெல்ட். அவள் வாசிப்பாள், பொறுப்பானவர் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். ஒரு "ஆச்சு" வராவிட்டால் கணவர் சாவியைத் திருப்ப மாட்டார். 16 நாளில் எந்த அலமாரியும் திறந்துகொள்ளவில்லை.

வந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் போட்டு, வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரில் வைத்திருக்கிறேன்: வலைவிரிப்புத் துண்டுகள், அழுத்தக் கம்பி, போத்தல் கூடை, பீய்ச்சும் போத்தல்கள், மின்னேற்றி, அட்டை. அம்மாவின் தொங்கல் மட்டும் அதில் இல்லை. அவர் அதை உட்லண்ட்ஸில் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லிவிட்டார். இரவில் விளக்குப் போடாமலே கண்ணாடி எடுக்கிறார்.

அதனால் காலணிகளுக்கு இன்னும் இடம் கிடைத்தபாடில்லை. அந்தத் தொங்கல் அவற்றுக்கென்றுதான் வாங்கியது. 16 நாளும் ஐந்து சோடி ஈரக் காலணிகள் வாசற்படிக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தன. இறங்குகிற ஒவ்வொருவரும் மற்றவர் காலணியை நகர்த்தித்தான் தன்னுடையதை எடுத்தோம். வரும் ஜூன் விடுமுறைக்கு நாத்தனார் குடும்பம் வட தீவுக்குப் போகிறது, பையை அவர்களிடம் கொடுக்கப் போகிறேன். விளிம்பு உயர்ந்த, மடிக்கக்கூடிய ரப்பர்த் தட்டு ஒன்றும் வாங்கிச் சேர்த்திருக்கிறேன். அது படிக்கட்டுப் பள்ளத்தில் அடங்குகிறதா, ஐந்து சோடியும் நிற்குமா என்று அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.